கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால்...



2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த நாள் முதல், இ-மெயில் முகவரி இல்லாமல் பதிவு பெற்று வியாபாரம் செய்ய முடியாது என்றாகிவிட்டது. வரிப் பதிவுக்கு மெயில், உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு மெயில், வங்கி விவரத்துக்கு மெயில், மில்காரர் அனுப்பும் விலைப்பட்டியலுக்கும் மெயில். சில்லறைக் கடையானாலும் மொத்த மண்டியானாலும் இதில் வித்தியாசம் இல்லை.

இத்தனை காரியம் அதன் வழியே நடந்தும், கல்லாப் பெட்டிக்குக் கொடுக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் அதற்குக் கொடுப்பதில்லை. கடைக்கு இரண்டு பூட்டு போடுகிறோம். கிடங்குக்குக் காவல்காரர் வைக்கிறோம். மெயிலுக்கு மட்டும் கடைப் பெயரோடு 123 சேர்த்து ஒரு பாஸ்வேர்டு. அதையும் மறந்துபோகும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. நாற்பது வருடமாகப் பருப்பும் வத்தலும் வாங்கி விற்பவன். இருந்தாலும், பணம் எந்த வழியாகக் கைமாறுகிறது, எந்த இடத்தில் ஓட்டை விழுகிறது என்று பார்ப்பது வியாபாரிக்குத் தெரிந்த வித்தைதானே? அந்தக் கண்ணோடு பார்த்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

உறை மேல் எழுதிய பெயர்

தபாலில் வரும் கடிதத்தின் பின்பக்கம் அனுப்புநர் என்று ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் உண்மைதானா என்று தபால்காரர் பார்ப்பதில்லை. யார் பெயரை வேண்டுமானாலும் யாரும் எழுதிப் பெட்டியில் போடலாம். இ-மெயிலும் அப்படித்தான் பிறந்தது. மெயில் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் செல்லும் அடிப்படை விதிமுறை 1982-ல் எழுதப்பட்டது. அப்போது அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சிக்கூடத்தாரும்தான். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் என்பதால், அனுப்புபவர் உண்மையில் அவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அந்த விதிமுறையில் இல்லை.

நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15-ல். அப்போதும் அடிப்படை அதே பழைய விதிமுறைதான். பிற்காலத்தில் சில முத்திரைகளைச் சேர்த்திருக்கிறார்கள். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதுதான்: மெயிலின் மேல் தெரியும் பெயரை, நேரில் பார்க்கும் முகமாக எண்ணிவிடக் கூடாது.

ஒரு லோடு பருப்பின் கதை

நம் மாவட்டத்தில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வட மாநிலத்து மில் ஒன்றிலிருந்து பதினைந்து வருடமாகத் துவரம்பருப்பு எடுப்பவர் அவர். போனில் விலை பேசி முடிந்ததும் மில்காரர் பில்லை மெயிலில் அனுப்புவார். இவர் முன்பணமாக 5 லட்சம் ரூபாயை வங்கி மூலம் அனுப்புவார். லாரி கிளம்பும். பாக்கி, சரக்கு இறங்கிய பிறகு.

அன்றும் வழக்கம்போல் பில் வந்தது. ஒரு மணி நேரம் கழித்து, அதே கடிதத்தின் தொடர்ச்சியாக இன்னொரு மெயில் வந்தது. எங்கள் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்த முறை மட்டும் கீழே உள்ள கணக்கில் பணத்தைப் போடவும் என்று எழுதியிருந்தது. லெட்டர்பேடு சரி, ரப்பர் ஸ்டாம்பு சரி, கையெழுத்தும் சரி. வழக்கமாக அந்த மில்காரர் விசாரிக்கும் குடும்ப நலம்கூடக் கடைசி வரியில் இருந்தது. கணக்குப்பிள்ளை பணத்தை அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் மில்காரர் போன் செய்து, லாரி நிற்கிறது, முன்பணம் இன்னும் வரவில்லையே என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. விசாரித்ததில், மில்காரருடைய மெயில் பெட்டியை எவனோ ஒருவன் ஒரு மாதம் முன்பே திறந்துவிட்டான் என்று தெரிந்தது. திறந்தவன் எதையும் கலைக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்திருக்கிறான். யார் வாங்குகிறார்கள், எந்தக் கிழமை பணம் வருகிறது, எப்படி எழுதுவார்கள் என்று எல்லாம் கற்றுக்கொண்டு, பெரிய லோடு ஒன்றுக்காகக் காத்திருந்திருக்கிறான். பணம் போன கணக்கு வேறொரு மாநிலத்தில், விவரம் தெரியாத ஒரு கூலித் தொழிலாளியின் பெயரில் இருந்தது. போலீஸில் புகார் கொடுப்பதற்குள் அது துடைத்து எடுக்கப்பட்டிருந்தது.

அதன் பிறகுதான் உண்மையான சங்கடம். பணம் எனக்கு வரவில்லை என்கிறார் மில்காரர். உங்கள் மெயிலில் சொன்னபடிதானே அனுப்பினேன் என்கிறார் நண்பர். இருவரும் சொல்வது உண்மை. தரகர் ஒருவர் நடுவில் நின்று ஆளுக்குப் பாதி நஷ்டம் என்று முடித்துவைத்தார். பணம் ஆறு மாதத்தில் ஈடாகிவிட்டது. ஆனால் வாய்ச் சொல்லிலேயே லோடு அனுப்பிய அந்தப் பழைய நம்பிக்கை திரும்பவில்லை. வரி உள்ள சரக்கானால் இன்னொரு தொல்லையும் உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் சேராவிட்டால், நாம் எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

திருடன் வரும் மூன்று வழி

முதல் வழி, பெயர் மட்டும் போலி. மெயிலின் தலைப்பில் நம் சப்ளையரின் கடைப் பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் முகவரியோ சம்பந்தமே இல்லாத ஏதோ ஓர் இலவச மெயில். செல்போனில் பார்க்கும்போது பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரிகிறது என்பது திருடனுக்கு வசதி. அந்தப் பெயரை விரலால் ஒரு முறை தொட்டால் முழு முகவரியும் விரியும். அதைப் பார்க்கும் பழக்கத்தைக் கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் வழி, எழுத்து மாறிய முகவரி. ஆங்கிலத்தில் ஆர், என் என்ற இரண்டு சிறிய எழுத்தையும் ஒட்டி எழுதினால் எம் போலத் தெரியும். எல் என்ற எழுத்துக்கும் ஒன்று என்ற எண்ணுக்கும், ஓ என்ற எழுத்துக்கும் பூஜ்யத்துக்கும் அவசரத்தில் வித்தியாசம் தெரியாது. 2015-ல் பத்திரிகைகளில் பரவலாக வந்த செய்தி ஒன்று பலருக்கு நினைவிருக்கலாம். பொதுத்துறை நிறுவனமான ஓ.என்.ஜி.சி., சவூதி அரேபியாவில் உள்ள நிறுவனத்துக்கு நாப்தா விற்றது. அதற்கு வர வேண்டிய பணம் வேறொரு கணக்குக்குத் திசை திருப்பப்பட்டதாகப் புகார் எழுந்தது. புகாரில் சொல்லப்பட்ட தொகை 197 கோடி ரூபாய். மோசடிக்காரர்கள் பயன்படுத்திய முகவரியில் என், ஜி என்ற இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான்.

மூன்றாம் வழி, நம் நண்பருக்கு நேர்ந்தது. உண்மையான பெட்டியே திருடன் கைக்குப் போய்விடுவது. இங்கே முகவரியை எத்தனை முறை பார்த்தாலும் சரியாகவே இருக்கும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

சின்னக் கடைக்காரர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். லித்துவேனியா நாட்டைச் சேர்ந்த எவால்தாஸ் ரிமாசவுஸ்காஸ் என்பவர், தைவானில் கம்ப்யூட்டர் சாமான் செய்யும் குவாண்டா நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். 2013 முதல் 2015 வரை கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் அந்தப் பெயரில் போலி பில்லும் மெயிலும் போயின. இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 12 கோடி டாலர் அளவுக்குப் பணம் அனுப்பின. 2019-ல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. உலகத்துக்கே மெயில் பெட்டி கொடுக்கும் கூகுளே மெயிலை நம்பிப் பணம் அனுப்பியது என்றால், நாம் எம்மாத்திரம்? அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. இத்தகைய வியாபார மெயில் மோசடி பற்றி 2023-ல் மட்டும் பெற்ற புகார்கள் 21,489. நஷ்டம் சுமார் 290 கோடி டாலர்.

போன் போடாமல் பணம் போடாதே

இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று இருக்கிறது. வங்கிக் கணக்கு எண் புதிதாக வந்தாலோ, மாறினாலோ, சப்ளையருக்கு நாம் போன் செய்து கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. அந்தப் போன் எண்ணை மெயிலிலிருந்து எடுக்கக் கூடாது. மெயிலை எழுதிய திருடன் தன் போன் எண்ணையும் அதிலேயே எழுதியிருப்பான். நம் பழைய முகவரி நோட்டிலோ, பழைய பில்லிலோ உள்ள எண்ணையே பயன்படுத்த வேண்டும்.

குரலையும் மெஷின் வைத்துப் போலியாகச் செய்யும் காலம் இது. எனவே பழக்கமான குரல் என்பதோடு நிறுத்தாமல், இரு தரப்புக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். போன லோடில் எத்தனை மூட்டை குறைந்தது, எந்த லாரி ஆபீஸ் மூலம் வந்தது, பாக்கி எவ்வளவு என்று ஏதாவது ஒன்று. தந்தி இருந்த காலத்தில், 2013 ஜூலையில் அது நிறுத்தப்படும் வரைக்கும்கூட, விலையையும் அளவையும் மறைசொல் வைத்துத் தந்தி கொடுத்த வியாபாரிகள் உண்டு. தந்தி ஆபீஸில் நாலு பேர் படிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மெயிலையும் நாலு பேர் படிப்பதாகவே வைத்துக்கொள்வது நல்லது.

வங்கியிலும் ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் மூலம் பணம் அனுப்பும்போது நாம் எழுதும் பெயரை யாரும் சரிபார்ப்பதில்லை. கணக்கு எண்ணைப் பார்த்தே பணம் வரவு வைக்கப்படும். இந்த ஓட்டையை அடைக்க, கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் கொடுத்தால் கணக்குக்குரியவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 டிசம்பர் 30-ல் உத்தரவிட்டது. புதிய கணக்கைச் சேர்க்கும்போது காட்டப்படும் பெயர் சப்ளையரின் நிறுவனப் பெயர்தானா என்று பாருங்கள். கிளையில் சலான் எழுதிக் கொடுப்பவர்களும் பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கலாம்.

பெயர் சரியாக இருந்தாலும் போனை விட்டுவிடாதீர்கள். அதே பெயரில் கம்பெனி தொடங்கியவரின் கதையை இப்போதுதான் பார்த்தோம். பெரிய தொகையானால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று பழைய எண்ணில் கேட்டுவிட்டு மீதியை அனுப்பலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நமக்குத் தெரியாததா? வாட்ஸ்ஆப்பில் வரும் கணக்கு எண்ணுக்கும் இதே விதிதான்.

விற்பவர்களாகிய நாமும் ஒன்று செய்யலாம். நம் பில்லின் அடியில், "எங்கள் வங்கிக் கணக்கு மாற்றத்தை மெயிலிலோ வாட்ஸ்ஆப்பிலோ மட்டும் தெரிவிக்க மாட்டோம். அப்படி ஏதேனும் வந்தால் எங்கள் கடைக்குப் போன் செய்து உறுதி செய்துகொள்ளவும்" என்று இரண்டு வரி அச்சடித்துவிடலாம். திருடன் நம் பெயரைச் சொல்லி நம் வாடிக்கையாளரிடம் போகும்போது இந்த இரண்டு வரி காவல் நிற்கும்.

பெட்டிக்கு இரட்டைப் பூட்டு

நம் பெட்டிக்குள் திருடன் நுழைவது பெரும்பாலும் பாஸ்வேர்டு மூலம்தான். 2013-ல் யாஹூ நிறுவனத்தில் நடந்த திருட்டில், அப்போது அங்கிருந்த சுமார் 300 கோடி கணக்குகளும் சிக்கியதாக அந்த நிறுவனமே 2017-ல் ஒப்புக்கொண்டது. இப்படி ஓரிடத்தில் திருடிய பாஸ்வேர்டை மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பது திருடர்களின் வழக்கம். ஆகவே மெயிலுக்கு வைத்த பாஸ்வேர்டை வேறு எதற்கும் வைக்கக் கூடாது. நீளமாக, நாலு சம்பந்தமில்லாத சொற்களைச் சேர்த்து வைத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது.

அதைவிட முக்கியம் இரண்டாவது பூட்டு. பாஸ்வேர்டு போட்ட பிறகும், நம் செல்போனில் வரும் எண்ணையோ ஒப்புதலையோ கொடுத்தால்தான் பெட்டி திறக்கும் ஏற்பாடு இது. பெயர் பெற்ற மெயில் சேவைகள் எல்லாவற்றிலும் உண்டு. கூடுதல் கட்டணம் இல்லை. அந்த எண்ணை யார் கேட்டாலும், வங்கி என்று சொன்னாலும் மெயில் கம்பெனி என்று சொன்னாலும், கொடுக்கக் கூடாது. போன் தொலைந்தால் பயன்படுத்துவதற்கென்று சில மாற்று எண்களைக் கொடுப்பார்கள். அவற்றை அச்செடுத்துப் பத்திரம் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியிலேயே வையுங்கள்.

மாதம் ஒரு முறை மெயிலின் அமைப்புப் பகுதிக்குள் சென்று இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். நமக்கு வரும் கடிதம் தானாக வேறு முகவரிக்குப் போகும்படி யாராவது செய்துவைத்திருக்கிறார்களா? நமக்குத் தெரியாத போனிலோ கம்ப்யூட்டரிலோ நம் பெட்டி திறந்திருக்கிறதா? உள்ளே நுழைந்த திருடன் முதலில் செய்வது, கடிதங்களின் நகல் தனக்கு வரும்படி ஏற்பாடு செய்துகொள்வதுதான். அதன் பிறகு நாம் பாஸ்வேர்டை மாற்றினாலும் நகல் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இணைப்பாக வரும் கோப்பு வேறு ஆபத்து. 2000-ஆம் ஆண்டு மே மாதம் காதல் கடிதம் என்ற பெயரில் வந்த ஒரு மெயில் இணைப்பைத் திறந்து உலகம் முழுதும் கம்ப்யூட்டர்கள் கெட்டுப்போயின. இப்போது காதல் கடிதத்துக்குப் பதிலாக ஜி.எஸ்.டி. நோட்டீஸ், கூரியர் ரசீது, உரிமம் புதுப்பித்தல் என்ற பெயரில் வருகின்றன. நோட்டீஸ் என்று மெயில் வந்தால் அதில் உள்ள இணைப்பைத் தொடாமல், நாமே ஜி.எஸ்.டி. தளத்துக்குள் சென்று நோட்டீஸ் பகுதியில் பாருங்கள். உண்மையானால் அங்கே இருக்கும். கணக்குப் புத்தகம் முழுதும் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள், வாரம் ஒரு முறை அதன் நகலைத் தனி டிஸ்கில் எடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி வைக்கவும்.

மெயில் யார் பெயரில்?

நம்மில் பலருடைய ஜி.எஸ்.டி. பதிவில் இருக்கும் மெயில் யாருடையது? ஆடிட்டர் ஆபீஸுடையது, அல்லது பதிவு செய்து கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர் தம்பியுடையது. ஆடிட்டரை மாற்றும்போதுதான், நம் வியாபாரத்தின் சாவி வேறொருவர் கையில் இருப்பது தெரியவரும். நாடு முழுவதும் இந்தத் தொல்லை எழுந்ததால், அதிகார எல்லைக்கு உட்பட்ட வரி அலுவலரிடம் சான்று காட்டி மெயிலையும் செல் எண்ணையும் மாற்றிக்கொள்ளும் வழியை 2018-லேயே ஏற்படுத்தினார்கள். இன்னும் மாற்றாதவர்கள் ஆடிட்டரோடு நல்லுறவு இருக்கும்போதே மாற்றிக்கொள்வது நலம்.

இன்னும் சிலர் பதிவுக்காக ஒரு இலவச மெயில் தொடங்கி, அதன் பிறகு திறந்தே பார்ப்பதில்லை. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கிவிட்டது. பெட்டி போனால் அதில் உள்ள கடிதமும் போகும். அதை நம்பி வைத்த மற்றக் கணக்குகளைத் திறப்பதும் சிரமமாகும்.

எனவே ஓரளவு கொள்முதல் உள்ள கடைகள் சொந்தப் பெயரில் முகவரி வைத்துக்கொள்வதே முறை. கடைப் பெயரோடு டாட் இன் அல்லது டாட் காம் சேர்த்து ஒரு பெயரைப் பதிவு செய்ய ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும். அதன் மேல் மெயில் பெட்டி ஒன்றுக்கு மாதம் நூறு ரூபாய்க்குள்ளிருந்து சில நூறு ரூபாய் வரை சேவைக்கேற்பக் கட்டணம். ஒரு லாரிக்கு இறக்குக் கூலி கொடுப்பதைவிட இது பெரிய செலவல்ல. சின்னக் கடைக்காரர் இலவச மெயிலிலேயே இருந்தாலும் தவறில்லை. ஆனால் அது முதலாளியின் செல் எண்ணோடு சேர்ந்து, இரட்டைப் பூட்டோடு இருக்க வேண்டும்.

சொந்தமாக ஆபீஸிலேயே மெயில் மெஷின் வைத்து ஓட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஏற்க வேண்டாம். 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் என்ற மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, அப்படிச் சொந்தமாக வைத்திருந்த பல்லாயிரம் நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. பழுதை அன்றே அடைக்க ஆள் இல்லாதவர்களுக்கு அது ஆகாத காரியம்.

சேவை எடுக்குமுன் கேட்க வேண்டியவை

கூகுள், மைக்ரோசாஃப்ட், நம் ஊர் ஜோஹோ என்று பல நிறுவனங்கள் வியாபார மெயில் தருகின்றன. எதையும் நான் சிபாரிசு செய்யவில்லை. யாரிடம் எடுத்தாலும், எடுத்துத் தரும் ஆளிடம் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

1. கடைப் பெயரின் பதிவு யார் பெயரில் இருக்கும்? முதலாளி பெயரிலும் செல் எண்ணிலும்தான் இருக்க வேண்டும். அமைத்துக் கொடுப்பவர் பெயரில் இருந்தால், கடைப் பலகையை அவர் வீட்டில் மாட்டிவைப்பதற்குச் சமம்.

2. எல்லாப் பெட்டிகளுக்கும் இரட்டைப் பூட்டைக் கட்டாயமாக்க முடியுமா?

3. மூன்று முத்திரைகளும் போட்டுத் தருவாரா? எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்று அவற்றைச் சொல்கிறார்கள். முதலாவது, நம் பெயரில் சரக்கு ஏற்ற உரிமை உள்ள லாரிகளின் பட்டியல் போன்றது. இரண்டாவது, வழியில் மூட்டை பிரிக்கப்படவில்லை என்று காட்டும் சீல். மூன்றாவது, பட்டியலும் சீலும் ஒத்துவராத மெயிலை என்ன செய்வது என்று வாங்குபவருக்கு நாம் கொடுக்கும் உத்தரவு. பார்த்துக்கொள், ஓரமாக வை, திருப்பி அனுப்பு என்று இதில் மூன்று நிலை உண்டு. பலர் முதல் நிலையோடு நிறுத்திவிடுகிறார்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று பார்த்தபின் மூன்றாம் நிலைக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். இந்த முத்திரைகள் நம் பெயரில் பிறர் மெயில் அனுப்புவதைத் தடுக்கும். எழுத்து மாறிய முகவரியையும், திறந்துவிட்ட பெட்டியையும் இவை தடுக்காது. ஆகவே போன் போடும் விதி என்றும் உண்டு.

4. கணக்குப்பிள்ளைக்கும் விற்பனை ஆளுக்கும் தனித்தனிப் பெட்டி கொடுத்து, அவர்கள் வேலையை விட்டு நின்ற அன்றே நாமே மூட முடியுமா? ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேர் வைத்திருந்தால், யார் என்ன செய்தார் என்று சொல்ல முடியாது.

5. நாளை வேறு சேவைக்கு மாறினால் பழைய கடிதம் அனைத்தையும் எடுத்துச் செல்ல முடியுமா?

6. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு? முதல் ஆண்டு சலுகை விலையைக் காட்டி இழுப்பது எல்லா வியாபாரத்திலும் உள்ளதுதானே. பெயர்ப் பதிவைப் புதுப்பிக்கத் தவறினால் அந்தப் பெயரை வேறொருவர் வாங்கி, நமக்கு வரும் கடிதத்தையே பெறலாம். உணவு உரிமம் புதுப்பிக்கும் தேதி எழுதிய பக்கத்திலேயே இதையும் எழுதிவையுங்கள்.

7. பெட்டி திறக்கவில்லை என்றால் போனில் பேச ஆள் உண்டா?

ஏமாந்துவிட்டால்

பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே காரியத்தில் இறங்க வேண்டும். யாரைத் திட்டலாம் என்று யோசிக்கும் நேரத்தில் பணம் நாலு கணக்கு தாண்டிவிடும். முதலில் நம் வங்கிக்குச் சொல்லுங்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது பண மோசடிப் புகாருக்கென்றே உள்ள தேசிய எண். புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் சென்று, கணக்கில் மிச்சமிருப்பதை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற மத்திய அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். பணப் பரிமாற்ற எண், தேதி, நேரம், இரு கணக்குகளின் விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மோசடி மெயிலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. சப்ளையருக்கும் சொல்லி இரு தரப்பும் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற வாடிக்கையாளர்களையும் எச்சரிக்க வேண்டும். பிறர் அடையாளத்தைத் திருடுவதும், கம்ப்யூட்டர் மூலம் ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகளின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் கிடைக்கக் கூடிய குற்றம். சட்டம் தன் வேலையைச் செய்யும். அதற்குள் பணத்தை நிறுத்துவது நம் வேகத்தில்தான் இருக்கிறது.

ஏமாந்தவர்கள் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். கடையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். ஆனால் ஒருவர் மறைத்தால் அதே திருடன் அடுத்த வாரம் அடுத்த கடைக்கு வருகிறான். ஆகவே சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இதற்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கி, வந்த போலி மெயில்களை உறுப்பினர்கள் காட்டிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் முன்னோர் வாய்ச் சொல்லை வைத்தே வெளியூருக்குச் சரக்கு அனுப்பினார்கள். அந்த நாணயத்தைக் காப்பாற்ற இன்று ஒரு போன் பேச வேண்டியிருக்கிறது. கணக்கு எண் மாறிவிட்டது என்று மெயில் வந்தால், பழைய நோட்டை எடுங்கள். பழைய எண்ணுக்குப் பேசுங்கள். அதன் பிறகு பணத்தை அனுப்புங்கள்.